ஒரு காணொளியும் ஒரு பலகையும்

நான் குடியிருக்கும் சால்ட் லேக்கில் இப்போது ஏரியும் இல்லை, உப்பும் இல்லை. மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் விதான் சந்திர ராய் காலத்தில் திட்டமிட்டு, 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய்வழிக் கொண்டுவந்து கொட்டிச் சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பிய நகரம் இது. அரசாங்க ஏடுகளில் அவர் பெயராலேயே விதான்நகர் என்று வழங்குகிறது. வட்டாரங்கள் ஏஇ, சிகே, டிஎஃப் என்று இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளால் அறியப்படுகின்றன. புதிதாக வருகிறவருக்கு ஊர் முழுவதும் ஒன்றுபோலவே தோன்றும். பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் தேறி, கையில் ஒரு தகரப்பெட்டியுடன் 2003ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்று இந்த எழுத்துகளுக்கிடையே கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். என் இரு பெண்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

பிறமொழி மண்ணில் பிள்ளை வளர்ப்போருக்கு உள்ள கவலையை இம்மலரை வாசிக்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஆங்கிலம், விளையாடுமிடத்தில் வங்காளம், தமிழ் என்பது தாயும் தந்தையும் கடிந்துகொள்ளும் மொழியாக மட்டும் சுருங்கிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டுக்குச் சென்று முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கி வருவது போலவே, தமிழையும் எங்கிருந்தாவது வாங்கி வந்து வீட்டில் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி வந்து சேர்ந்த தமிழில் ஒரு பகுதி யூடியூப் வழியே வந்தது. அதிலும் பெரும்பகுதி, சென்னையைச் சேர்ந்த முகமது இர்ஃபான் என்னும் இளைஞர் நடத்தும் ‘இர்ஃபான்ஸ் வியூ’ என்ற சேனலின் வழியே வந்தது.

இரவு உணவு வேளையில் என் மனைவி கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைப்பாள். திரையில் அந்த இளைஞர் ஏதேனும் ஒரு கடையில் வாழையிலை முன் அமர்ந்திருப்பார். ஒருநாள் தள்ளுவண்டிக் கடை. மறுநாள் நட்சத்திர விடுதி. இன்னொரு நாள் கடல் கடந்த நாடு. எங்கே இருந்தாலும் பேச்சு மட்டும் சென்னைத் தெருவில் நாம் கேட்கும் பேச்சு. கொல்கத்தாவில் பிரியாணி என்றால் அதில் ஓர் உருளைக்கிழங்கு இருக்கும். நாடிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் இங்கே மெட்டியாபுருசில் வந்து தங்கியதிலிருந்து தொடரும் வழக்கம் என்று அதற்கு ஒரு வரலாறு சொல்வார்கள். உருளைக்கிழங்கு இல்லாததைப் பிரியாணி என்றே ஒப்புக்கொள்ளாத என் இளைய மகள், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் குழம்பு உண்டு என்பதையும், சீரகச் சம்பா என்று ஓர் அரிசி உண்டு என்பதையும் அவரிடமிருந்துதான் கற்றாள். ‘தொக்கு’, ‘மொறுமொறு’, ‘காரசாரம்’ ஆகிய சொற்கள் அவள் நாவில் ஏறியது என்னால் அன்று, அவரால்தான். இந்த நன்றியை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதை வாசிக்கும்போது, அந்த இளைஞர்மீது எனக்குப் பகை ஏதுமில்லை என்பது வாசகர் நினைவில் இருக்கட்டும்.

அவருடைய வளர்ச்சி வியப்புக்குரியது. பத்திரிகை முதலாளியோ திரைப்பட நிறுவனமோ துணையின்றி, ஒரு காமிராவையும் நல்ல பசியையும் முதலாகக் கொண்டு தொடங்கியவர். 2024ஆம் ஆண்டுக்குள் அவருடைய சேனலின் சந்தாதாரர் எண்ணிக்கை 40 இலட்சத்தைக் கடந்துவிட்டது. ஒரு காலத்தில் வார இதழ்கள் சில இலட்சம் படிகள் விற்றதைப் பெருமையாகப் பேசிக்கொண்டோம். இவர் ஒருவர் உணவு உண்பதைக் காணக் காத்திருந்தோர் அதைப்போல் பன்மடங்கு. திரைக் கலைஞர்களை அவர் நேர்காணல் செய்தார். தொலைக்காட்சியில் ‘குக்கு வித் கோமாளி’ நிகழ்ச்சியின் ஐந்தாம் பருவத்தில் பங்கேற்றார். புகழோடு வருத்தங்களும் வந்தன. 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்தில் அவருடைய கார் மோதி ஒரு பெண்மணி உயிரிழந்தார். காரை ஓட்டிய ஓட்டுநர் கைது செய்யப்பட்டார். ஆயினும் எங்கள் வீட்டில் அவருக்கிருந்த இடம் மாறவில்லை. அவருடைய திருமணத்தையும் நாங்கள் திரையில் பார்த்தோம். உறவுக்காரப் பிள்ளையின் திருமணத்துக்கு விடுப்புக் கிடைக்காமல் போனவர்கள் நிழற்படம் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

2024 மே மாதத்தில் ஓரிரவு, அவரும் அவர் மனைவியும் தமக்குப் பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை உற்றார் உறவினர் நடுவே அறிவிக்கும் காணொளி வந்தது. மேலை நாடுகளில் இத்தகைய விருந்துகள் வழக்கம். துபாய்க்குச் சென்றிருந்தபோது அங்கே சோதனை செய்து அறிந்துகொண்டதாகவும் காணொளியிலேயே கூறப்பட்டது. நீலமா இளஞ்சிவப்பா என்று எல்லோரும் ஆரவாரத்தோடு காத்திருந்தார்கள். இறுதியில் பெண் என்று தெரிந்தது. அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி நடிப்பு அன்று என்றே நான் இன்றும் நினைக்கிறேன். என் மூத்த மகள் கைதட்டினாள். அப்போது பதினொரு வயதான இளையவள் சோற்றுக் கையோடு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “அப்பா, நான் பிறக்குறதுக்கு முன்னாடி நீங்களும் இப்படிக் கேட்டீங்களா?”

“நம் நாட்டில் அப்படிக் கேட்கக் கூடாதம்மா, சட்டம் இருக்கிறது” என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அவள் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை; என்னைப் பற்றிக் கேட்டாள். ரசத்தை ஊற்றச் சொல்லி நான் தட்டை நீட்டினேன். என் மனைவி ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாட்களுக்குள் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அவருக்கு விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. காணொளி நீக்கப்பட்டது. அவர் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரினார். நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் ஒரு வாரம் இதையே பேசின. எங்கள் வீட்டிலும் வழக்கு நடந்தது. மூத்தவள் அவர் பக்கம் நின்று வாதாடினாள். “பெண் குழந்தை என்று தெரிந்து சந்தோஷப்பட்டவரைப் போய்க் குற்றம் சொல்கிறீர்களே! பெண் என்றால் வேண்டாம் என்கிறவர்களுக்குத்தானே சட்டம்? இவர் நல்ல முன்மாதிரி அல்லவா?” என்றாள். பதினேழு வயதுப் பெண்ணின் கேள்வி அது. நியாயமில்லாத கேள்வி என்று தள்ளிவிட முடியாது. நான் தக்க விடை கூறவில்லை. விடை என்னிடம் இல்லாமலில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் வேறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். 1992ஆம் ஆண்டு எனக்குப் பதின்மூன்று வயது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை எங்கள் மாவட்டத்தில் தொடங்கியது. பெண் குழந்தையை வளர்க்க விரும்பாதவர்கள் கொல்ல வேண்டாம், இங்கே விட்டுச் செல்லுங்கள் என்று கூறி அரசு தொட்டில் கட்டி வைத்தது. உசிலம்பட்டிப் பகுதியில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலைகளைப் பற்றி 1986இல் ‘இந்தியா டுடே’ எழுதியபோது நாடே அதிர்ந்தது என்று பின்னாளில் படித்தேன். 1994இல் ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்தபோது எங்கள் ஊர்க் கொட்டகையில் பெண்கள் வாய்விட்டு அழுததை நேரில் கண்டேன். அழுதவர்களில் சிலருடைய வீடுகளில் நிகழ்ந்தவை பற்றி ஊரார் தணிந்த குரலில் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். எருக்கம்பால், நெல்மணி என்னும் சொற்களுக்கு அந்நாளில் எங்கள் பக்கத்தில் வேறொரு பொருளும் இருந்தது. அதை எந்த அகராதியிலும் தேட வேண்டாம்.

என் தாயார் அத்தகைய கொடுமைக்கு உடன்பட்டவர் அல்லர். எங்கள் தெருவில் கைவிடப்பட்ட ஒரு பெண் மகவுக்கு ஆறு மாதம் ஆட்டுப்பால் புகட்டியவர். ஆயினும் என் மூத்த மகள் பிறந்தபோது அவர் முகம் வாடியது. 2012ஆம் ஆண்டு என் மனைவி மீண்டும் கருவுற்ற செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். சற்றுநேரம் பேச்சில்லை. பின்பு, “ரெண்டாவதும் பொட்டப் புள்ளையாப் போச்சுன்னா நமக்குக் கொள்ளி வெக்க ஆரு இருக்கா? பாத்து நடந்துக்க சாமி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ‘பாத்து நடந்துக்க’ என்னும் சொல் என்னை விட்டு அகலவில்லை.

அந்நாளில் எங்கள் பக்கத்துச் சரக்கு லாரிகள் கொல்கத்தா வரும்போது, அவற்றோடு வரும் தூரத்து உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் குளித்து உண்டு செல்வார். அவரிடம் என் தாயார் ஏதோ சொல்லியனுப்பியிருக்கிறார். ஒருநாள் புறப்படும்போது என்னை வாசலுக்கு அழைத்து, “மாப்பிள்ளை, பத்து ஊர் சுத்துற டிரைவருங்களுக்குத் தெரியாத எடமில்லை. இங்க போய்க் கேட்டுப் பாருங்க. பணம் குடுத்தாச் சொல்லிடுவாங்களாம்” என்று சொல்லி, ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். அதில் ஒரு ஸ்கேன் சென்டரின் முகவரி இருந்தது. அதை அப்போதே கிழித்தெறிந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் அது அங்கே இருந்தது.

பத்தாம் நாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். வீட்டில் அலுவலக வேலை என்று சொன்னேன். பேருந்தில் ஒரு மணி நேரம் சென்று, அந்த இடத்தை விசாரித்து அடைந்தேன். சிறிய கூடம், நாலைந்து பெஞ்சு, சுவரில் காளி படம் போட்ட நாள்காட்டி. வரவேற்பு மேசைக்குப் பின் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், கையில் சங்கு வளையும் நெற்றி வகிட்டில் குங்குமமுமாக அமர்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த உடைந்த வங்காளத்தில், மனைவிக்கு ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தொடங்கினேன். மருத்துவர் சீட்டு எங்கே என்று கேட்டார். கொண்டு வரவில்லை என்றேன். தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று என்றேன். மேலே சொல்ல நா எழவில்லை. அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “முதல் குழந்தை என்ன?” என்று கேட்டார். பெண் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. என் தலைக்கு மேலே சுவரைக் காட்டி, “தாதா, அந்தப் பலகையைப் படியுங்கள்” என்றார். திரும்பிப் பார்த்தேன். வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. ஆங்கிலப் பகுதியை ஒரு மரப்பேழை பாதி மறைத்திருந்தது. “வங்காளம் படிக்கத் தெரியாதா?” என்றார். தெரியும் என்றேன். “அப்படியானால் படியுங்கள், எனக்குக் கேட்க வேண்டும்” என்றார்.

எனக்கு அப்போது வங்காளம் படிக்க வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒன்பதாண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தும் கற்காத எழுத்தை, மூத்தவள் பள்ளியில் சேர்ந்த பிறகு அவளோடு உட்கார்ந்து கற்றேன். ஈசுவர சந்திர வித்தியாசாகர் 1855இல் வெளியிட்ட ‘வர்ணபரிசய’ என்னும் அரிச்சுவடியை இந்நாட்டுக் குழந்தைகள் இன்றும் கையில் எடுக்கிறார்கள். கைம்பெண்களின் மறுமணத்துக்காகப் போராடிச் சட்டம் வரச் செய்த அதே வித்தியாசாகர்தான். அந்தச் சிறு நூலில் என் மகளின் விரல் நகர, அவள் பின்னால் என் கண் நகர்ந்தது. அப்படிக் கற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, அன்று அந்தக் கூடத்தில், பெஞ்சில் இருந்த பெண்கள் கேட்க, உரக்கப் படித்தேன். இங்கே கருவின் பால் கண்டறிந்து கூறப்படமாட்டாது. அவ்வாறு செய்வது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பது அதன் பொருள். வங்காள மொழியில் ஒரு முழு வாக்கியத்தை நான் தட்டுத்தடுமாறாமல் படித்தது அதுவே முதல் முறை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில் இல்லை. அந்த இடத்தைப் பற்றி உறவினர் சொன்னது பொய்யா, அல்லது அன்று அந்த அம்மையார் அங்கே இருந்ததனால் நான் தப்பினேனா என்பதை நான் ஆராயவில்லை. சீட்டைக் கருணாமயி நிறுத்தத்தில் இறங்கியதும் கிழித்துப் போட்டேன். அவ்வாண்டு அக்டோபரில், வங்காளிகள் கோஜாகரி இலட்சுமி பூசை செய்யும் முழுநிலா வாரத்தில், என் இளைய மகள் பிறந்தாள். செவிலி வெளியே வந்து, “இலட்சுமி வந்திருக்கிறாள்” என்று இந்நாட்டு வழக்கப்படி சொன்னார். என் தாயாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் அழுதார். ஆறு மாதம் கழித்து வந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டவர், பிறகு இறக்கி வைக்கவே இல்லை. சாகும்வரை அவர் அதிகம் கொஞ்சியது இவளைத்தான். இவளும் ‘அப்பாயி’ என்று அவர் படத்தின் முன் இன்றும் விளக்கேற்றுகிறாள்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன், பி.ஏ. படித்த எழுத்தன். ஆனால் விதிகளைப் படிப்பதே பிழைப்பு. 2024 மே மாதத்துக் காணொளிக்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம் அது. அதற்கு முன்பு 1980களில், இன்று சில நூறு ரூபாய் செலவழித்தால் நாளைய வரதட்சிணையில் பல்லாயிரம் மிச்சம் என்னும் கருத்துப்பட வடநாட்டு நகரங்களில் வெளிப்படையாக விளம்பரம் செய்தார்களாம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ யாரும் யாருக்கும் தெரிவித்தல் ஆகாது என்கிறது அச்சட்டம். மருத்துவருக்கு மட்டுமன்று, இச்சோதனையை நாடிச் செல்பவருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதாவது, அன்று அந்தக் கூடத்தில் நான் நின்றதற்கும் ஒரு பிரிவு உண்டு.

என்னை நீண்டநேரம் நிறுத்தியது 24ஆம் பிரிவு. ஒரு பெண்ணுக்கு இச்சோதனை நடந்திருந்தால், கணவனோ உறவினரோ அவளை வற்புறுத்தியே அது நடந்தது என்று நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். இல்லையென்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. சட்டம் எழுதியவர்கள் நம் வீடுகளுக்குள் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

சட்டம் வந்தும் நோய் முற்றிலும் தீரவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் எத்தனை என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கிறார்கள். நாடு முழுவதற்கும் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 920க்கும் கீழ். தமிழ்நாட்டில் 2001இல் 942 ஆக இருந்தது 2011இல் 943. மேற்கு வங்கம் நம்மைவிட மேலான நிலையில் இருந்தாலும், 960 என்பது 956 ஆகக் குறைந்தது. எண்களைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய எனக்கு, இவற்றில் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கூடத்தில், பலகையைப் படிக்கச் சொல்ல ஆளில்லாமல் போன நேரமாகவே தெரிகிறது.

மூத்தவள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இர்ஃபான் தம் மகளை விரும்பினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காணொளியை அவர் ஒருவர் பார்க்கவில்லை. அதைப் பார்த்த இலட்சக்கணக்கானோரில், மாமியாரின் எதிரில் அமர்ந்து பார்த்த மருமகள்கள் எத்தனை பேர்? ‘பாத்து நடந்துக்க’ என்னும் சொல்லைக் கேட்டுவிட்டு வந்த கணவன்மார் எத்தனை பேர்? அவர்களுக்கு அந்தக் காட்சி சொன்னது பெண் குழந்தை இனிது என்பதை மட்டுமன்று. கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு விழா, அதற்கு வழியும் உண்டு, கையில் பணமிருந்தால் கடல் கடந்து போகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னது. கேட்பவன் நல்லவனா கெட்டவனா என்று பலகைக்குத் தெரியாது. ஆகவேதான் அது எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறது. நல்லவருக்கு மட்டும் விலக்கு அளித்தால், அன்று நானும் நல்லவன் என்றே சொல்லியிருப்பேன். ஊரில் என்னை அப்படித்தான் சொல்வார்கள்.

அவருக்கு 2024 ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. அக்டோபரில் அடுத்த காணொளி வந்தது. அறுவை அரங்கினுள் காமிராவோடு சென்று, குழந்தையின் தொப்புள்கொடியைத் தாமே கத்தரிக்கோலால் வெட்டும் காட்சி அதில் இருந்தது. மறுபடியும் அறிக்கை, மறுபடியும் நீக்கம், மறுபடியும் வருத்தம். அதற்கு இடமளித்த சென்னைத் தனியார் மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும், பத்து நாட்கள் புது நோயாளிகளைச் சேர்க்கத் தடையும் விதிக்கப்பட்டன. இம்முறை என் மூத்த மகள் அவருக்காக வாதாடவில்லை. “எல்லாவற்றையுமா படம் பிடிக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு வேறொன்று தோன்றியது. அவர் தவறுகளையெல்லாம் நாற்பது இலட்சம் பேர் முன்னிலையில் செய்தார். ஆகவே நாற்பது இலட்சம் பேர் முன்னிலையில் தலைகுனிந்தார். நான் என் தவற்றை ஒருவருமறியாமல் செய்தேன்; பன்னிரண்டு ஆண்டுகளாக நிமிர்ந்தே நடந்தேன். நாள்தோறும் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது?

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை. “சட்டையைத் துவைக்கிறப்பவே அந்தச் சீட்டைப் பார்த்துட்டேங்க. திரும்பப் பையிலேயே வெச்சுட்டேன். வாங்க போகலாம்னு நீங்க கூப்பிட்டா, பெரியவளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடறதுன்னு இருந்தேன். கோரமண்டல் வண்டிக்குப் பணமெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன்” என்றாள். பன்னிரண்டு ஆண்டுகள் ஏன் கேட்கவில்லை என்றேன். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

இளையவளிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. சொல்லத்தான் வேண்டுமா என்று பல மாதம் தயங்கினேன். தன்னை வேண்டாமென்று ஒரு கணம் நினைத்த தந்தையை எந்தப் பிள்ளை தாங்கும்? ஆனால் அவள் அன்று கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லாவிட்டாலும் விடை சொல்லவில்லை. நாளை அவளும் ஒரு வீட்டுக்குப் போவாள். அவளிடமும் யாரேனும் இதே பேச்சைத் தொடங்கலாம். நல்ல மனிதர் என்று நாம் நினைப்போரிடமிருந்தும் அது வரும் என்பதை அவள் என்னிடமிருந்தே அறிந்துகொள்ளட்டும் என்று துணிந்தேன்.

கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, சென்ட்ரல் பார்க் ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அப்பாயி சொன்னதைச் சொல்லும்போது மட்டும், அவர் ஆட்டுப்பால் புகட்டிக் காத்த குழந்தையைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஜால்முடி விற்பவரைக் கடந்து வெகுதூரம் சென்ற பிறகு நின்றாள்.

“அந்த எழுத்தெல்லாம் உங்களுக்குப் படிக்கத் தெரியாம இருந்திருந்தா?” என்று கேட்டாள்.

அந்த அம்மையார் வாயாலும் சொல்லியிருப்பார் என்று சொல்லலாம். நான் திரும்பி வந்திருப்பேன் என்றும் சொல்லலாம். ஆனால் வேறொரு முகவரி கேட்டிருக்க மாட்டேன் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை. “தெரியல கண்ணு” என்றேன். அதுதான் உண்மை.

அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, “அது அக்காவோட புத்தகம்தானே? அக்காவுக்கு இது தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். “நான் சொல்றேன்” என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தாள். அன்றிரவு இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பார்த்தபோது, பழைய பாடப்புத்தகங்களுக்கு அடியில் கிடந்த அந்த அரிச்சுவடி அவர்கள் இருவரும் படிக்கும் மேசைமேல் இருந்தது. அட்டை கிழிந்திருக்கிறது, முதல் பக்கத்தில் மூத்தவள் ஐந்து வயதில் கிறுக்கிய தன் பெயர் இருக்கிறது.

இதை மலரில் எழுதலாமா என்று மூவரிடமும் கேட்டேன். பெயர்களைப் போடாமல் எழுதுங்கள் என்றார்கள். ஆகவே பெயரில்லாமல் எழுதியிருக்கிறேன். நம் குடும்பங்களில் ஊரிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சில், அன்பு கலந்த குரலில், இந்தக் கேள்வி இன்னும் வருகிறது என்பதை நான் அறிவேன். அது வரும்போது எழுந்து வெளியே போகாமல், வீட்டாரெல்லாம் கேட்க அந்தப் பலகையில் உள்ளதை உரக்கச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அதை என் தாயாரிடம் சொல்லாமல் விட்டேன். இனிச் சொல்ல இயலாது.

எங்கள் வீட்டில் இர்ஃபானின் காணொளிகள் இப்போதும் சில இரவுகளில் ஓடுகின்றன. இளையவள் இன்னும் பிரியாணியில் உருளைக்கிழங்கைத்தான் தேடுகிறாள்.